வில்லங்கம் போட்டுப் பார்ப்போம்

(திருவாரூரில் இலக்கிய வட்டம் ஒன்றின் ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மேசைமேல் தண்ணீர் பாட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கும் இந்த இரும்புப் பாத்திரத்தைப் பார்த்துவிட்டுக் கூட்டத் தலைவர், "படிக்கம் எதுக்கு சார், வெத்தலை போடுவீங்களா?" என்று என் காதில் கேட்டார். படிக்கம் இல்லை, படி. சரியாகச் சொன்னால் அரைப்படி. எங்கள் வீட்டுப் பத்தாயத்துக்குள் கிடந்தது. விளிம்பில் பித்தளைப் பூண். அடியில் சர்க்கார் ஆள் வந்து குத்திய முத்திரைகள். கடைசி இரண்டு மூன்றுதான் இப்போது கண்ணுக்குத் தெரிகின்றன. இரண்டு கையையும் சேர்த்து மூன்று நான்கு தடவை நெல்லை அள்ளிப் போட்டால் நிரம்பிவிடும். பேச்சு முடிந்ததும் முன்வரிசையில் இருப்பவர்கள் வாங்கிப் பாருங்கள். பெரிய கனம் ஒன்றும் இல்லை.

இங்கிருந்து நாகப்பட்டினம் போகும் பக்கத்தில், கீழ்வேளூர் வட்டத்தில், தேவூருக்கு அருகே இருக்கிறது கீழ்வெண்மணி. 1968 டிசம்பர் 25 இரவு அங்கே ராமய்யாவின் குடிசையில் ஒளிந்துகொண்ட 44 பேர் எரிந்து சாம்பலானார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள், ஓட முடியாத முதியவர்கள். அத்தனை பேரும் தலித்துகள். கூலியாக அரைப்படி நெல் கூட வேண்டும் என்று கேட்டவர்களின் குடும்பங்கள். கேட்டது அரைப்படி மட்டும் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஊரில் செங்கொடி பறந்தது. அதை இறக்கிவிட்டு, மிராசுதார்களின் நெல் உற்பத்தியாளர் சங்கத்துக்குக் கட்டுப்பட வேண்டும் என்றார்கள். அறுவடைக்கு வெளியூர் ஆட்களை இறக்கினார்கள். அன்று மாலை நடந்த மோதலில் மிராசுதார் தரப்பில் ஒருவர் இறந்தார். அதற்குப் பிறகு ராத்திரி தீ.

அன்றைய செய்திகளில் இறந்தவர்கள் 42 பேர் என்று வந்தது. நினைவுச் சின்னத்தில் 44 பெயர்கள். நடுவில் அந்த இரண்டு பேர் எங்கே போனார்கள் என்று நான் வெகுநாள் யோசித்ததுண்டு. எரிந்த உடம்புகளை எண்ணுவது கஷ்டம், அது ஒரு காரணம். உயிரோடு இருந்தபோதே அவர்களைத் தலைக்கணக்காக மட்டும் பார்த்துப் பழகிய ஊர்கள் எங்களுடையவை என்பது இன்னொரு காரணம்.

'எங்களுடையவை' என்கிறேன். அதைச் சொல்லாமல் இந்தத் தலைப்பில் பேச எனக்கு யோக்கியதை இல்லை. நான் மிராசு வீட்டுப் பிள்ளை. வெண்மணியிலிருந்து சில மைல் தள்ளி இன்னொரு கிராமம். தாத்தாவுக்கு ஏழு வேலி நன்செய். எனக்கு அப்போது எட்டு வயது. வெண்மணி எரிந்ததற்கு மறுநாளோ அதற்கு மறுநாளோ நடந்தது எனக்கு நினைவிருக்கிறது. மாடு கறக்க ஆள் வரவில்லை. மார்கழிக் குளிரில் பாட்டியே செம்பை எடுத்துக்கொண்டு கொட்டிலுக்குப் போனாள். கன்றுகள் கத்திக்கொண்டே இருந்தன. கோவிலில் திருப்பாவை ஒலித்தது. பேப்பர் வந்தது. தாத்தா வாசித்தார். வாசித்து முடித்துவிட்டு நாலாக மடித்தார். வழக்கமாகத் திண்ணையில் கிடக்கும் பேப்பர் அன்றைக்குப் பரணுக்குப் போனது. ஒரு வார்த்தை பேசவில்லை. நாங்களும் கேட்கவில்லை. பெரியவர்கள் பேசாத விஷயத்தைக் கேட்கக்கூடாது என்பது எங்கள் வீட்டில் யாரும் சொல்லிக்கொடுக்காமலே எல்லாருக்கும் தெரிந்த பாடம்.

தாத்தா யாருடைய வீட்டுக்கும் தீ வைத்தவர் இல்லை. கை நீட்டி ஆளை அடித்ததாகவும் நான் கேட்டதில்லை. அடிப்பதற்கு அவர் தேவையே இல்லை. அதற்குத்தான் காரியக்காரர் இருந்தார்.

இப்போது இலக்கியத்துக்கு வருகிறேன். இந்திரா பார்த்தசாரதியின் 'குருதிப்புனல்' 1975இல் வந்தது. சாகித்திய அகாதெமி பரிசு பெற்றது. சம்பவம் நடந்து ஏழே வருஷத்தில், வழக்கின் சூடு ஆறுவதற்குள், வெண்மணியை நாவலுக்குள் கொண்டுவந்தவர் அவர். கும்பகோணத்தில் வளர்ந்தவர். எங்கள் டெல்டாவின் நாடி தெரிந்தவர். அந்தத் துணிச்சலுக்கு நான் இங்கே எழுந்து நின்று வணக்கம் சொல்வேன். பாராட்டி முடித்துவிட்டுத்தான் சண்டைக்கு வருகிறேன்.

நாவலில் வரும் மிராசுதார் கண்ணையா நாயுடு ஆண்மையற்றவர். அதை மறைக்கத்தான் அத்தனை வீம்பும் பெண் சகவாசமும் கொடூரமும். உளவியல் ரீதியாக ஆழமாகப் போவதாக அப்போது சிலர் பாராட்டினார்கள். கூலிப் போராட்டத்தைப் படுக்கையறைச் சிக்கலாக்கிவிட்டார் என்று இடதுசாரிகள் கோபித்துக்கொண்டார்கள். இந்தச் சண்டை உங்களில் பலருக்குத் தெரியும். அரைத்த மாவை நான் திரும்ப அரைக்கவில்லை. கல்லூரி நாட்களில் அதைப் படித்தபோது எனக்கு என்ன நேர்ந்தது என்பதை மட்டும் சொல்கிறேன். படித்து முடித்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது. ஆமாம், நிம்மதி. 'அப்பாடா, எங்கள் தாத்தா இந்த ஆள் மாதிரி இல்லை' என்ற நிம்மதி. எட்டு வயதில் கொட்டிலில் கேட்ட அந்தக் கன்றுகளின் சத்தம் அன்றைக்கு நின்றது. நோயாளி ஒருவன் செய்த காரியம் அது. எங்கள் வீட்டில் யாருக்கும் அந்த நோய் இல்லை. கதை முடிந்தது.

ஒரு நாவல் குற்றவாளியின் பேரன்களுக்கு நிம்மதி கொடுத்தால் அதில் எங்கோ ஓட்டை இருக்கிறது என்று புரிய எனக்கு இன்னும் பதினைந்து வருஷம் ஆயிற்று.

பக்கத்திலேயே இன்னொரு எழுத்தை வைத்துப் பாருங்கள். அதுவும் எழுத்துதான், நீதிமன்றத் தீர்ப்பு. 1970இல் நாகப்பட்டினம் நீதிமன்றம் கோபாலகிருஷ்ண நாயுடு உள்ளிட்ட மிராசுதார்கள் சிலருக்குச் சிறைத் தண்டனை விதித்தது. 1973இல் சென்னை உயர்நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. விடுவித்ததற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று இப்படிப் போகிறது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் எல்லாரும் மிராசுதார்கள். பெரும்பாலும் செல்வந்தர்கள். முதல் எதிரியிடம் கார் இருக்கிறது. இப்படிப்பட்டவர்கள் வேலையாட்களை ஏவாமல் தாங்களே நடந்துபோய்க் குடிசைக்குத் தீ வைத்திருப்பார்கள் என்று நம்பச் சிரமமாக இருக்கிறது. மைதிலி சிவராமன் அதே வருஷம் இந்தத் தீர்ப்பைப் பற்றி எழுதிய ஆங்கிலக் கட்டுரைக்கு வைத்த தலைப்பிலேயே 'கனவான் கொலைகாரர்கள்' என்ற ஏளனம் இருந்தது. மோதலில் இறந்த ஒருவருக்காகத் தொழிலாளர்கள் மட்டும் சிறைக்குப் போனார்கள். 1980 டிசம்பரில் கோபாலகிருஷ்ண நாயுடு வெட்டிக் கொல்லப்பட்டார். அது இன்னொரு கதை. அதைப் பழிதீர்ப்பு என்று கொண்டாடுகிறவர்களோடும் எனக்கு ஒட்டாது.

தீர்ப்பு, இவ்வளவு கௌரவமான ஆள் இதைச் செய்திருக்க மாட்டார் என்றது. நாவல், இவ்வளவு கோணலான ஆள்தான் இதைச் செய்வான் என்றது. ஒன்றுக்கொன்று நேர் எதிர். ஆனால் இரண்டும் ஒரே ஒரு ஆளைத்தான் பார்க்கின்றன. அவர் எப்படிப்பட்டவர், நல்லவரா, கோணலா, கார் வைத்திருக்கிறாரா, உடம்பில் என்ன குறை. அந்த ஒருவருக்குப் பின்னால் வரிசையாக நிற்கும் நூறு திண்ணைகளை, அதில் பேப்பரை நாலாக மடிக்கும் கைகளை, இரண்டுமே பார்க்கவில்லை. பழியை ஒருவன் தலையில் கட்டினாலும் சரி, அவன் தலையிலிருந்து இறக்கினாலும் சரி, மற்றவர்கள் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடலாம்.

நான் இன்றைக்குச் சொல்ல வந்தது இவ்வளவுதான். கூட்டமாகச் செய்த குற்றத்தை எழுத வருபவனுக்கு முதல் வழுக்கல் இந்த இடத்தில்தான்.

இதைத் தெளிவாகப் பிரித்துப் பார்த்தவர் ஒரு ஜெர்மானியர், கார்ல் யாஸ்பர்ஸ். மனைவி யூதர் என்பதால் நாஜிகள் 1937இல் அவரைப் பல்கலைக்கழக வேலையிலிருந்து நீக்கினார்கள். போர் முடிந்த கையோடு, 1945-46 குளிர்காலத்தில், ஹைடல்பெர்க்கில் அவர் வகுப்பெடுத்தார். ஊரெல்லாம் பசி. எதிரே உட்கார்ந்திருந்தவர்களில் போர்முனையிலிருந்து திரும்பிய பையன்களும் உண்டு. குற்றம் நாலு வகை என்றார். சட்டத்தை மீறியவனின் குற்றம் ஒன்று, அதை நீதிமன்றம் பார்த்துக்கொள்ளும். ஓர் அரசின் குடிமகனாக இருந்ததற்கான அரசியல் பொறுப்பு இரண்டாவது, அதன் விளைவை எல்லாரும் சுமந்தாக வேண்டும். பயந்துபோய் வாய் மூடி இருந்ததற்கான ஒழுக்கக் குற்றம் மூன்றாவது, அதற்கு அவரவர் மனசாட்சிதான் நீதிமன்றம். பக்கத்து வீட்டுக்காரனை இழுத்துக்கொண்டு போகும்போது நான் மட்டும் உயிரோடு இருந்தேனே என்பது நாலாவது, அதைக் கேட்கக் கடவுள்தான் இருக்கிறார். ஒரு ஜனத்தொகை முழுவதையும் கிரிமினல் என்று சொல்ல முடியாது என்பதில் அவர் கறாராக இருந்தார். அதே கறாரோடு, அதனால் யாரும் தப்பித்துவிடவும் முடியாது என்றார்.

நம்மூர் பாஷையில் இதை இன்னும் சுருக்கமாகச் சொல்லலாம். நிலம் வாங்குகிறவன் என்ன செய்கிறான்? முதலில் சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போய் முப்பது வருஷத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்க்கிறான். அடமானம் இருக்கிறதா, வழக்கு இருக்கிறதா, யாருக்காவது பாத்தியதை இருக்கிறதா. கடன் வாங்கியது முந்தைய சொந்தக்காரன், நான் இல்லை என்று சொன்னால் எந்த பேங்க்காரனும் கேட்க மாட்டான். நிலம் உன்னிடம் வந்தால் கடனும் உன்னிடம் வரும். ஆனால் பரம்பரைச் சொத்துக்கு மட்டும் நாம் வில்லங்கம் போட்டுப் பார்ப்பதே இல்லை. தாத்தா செய்ததற்குப் பேரன் என்ன செய்வான் என்று கேட்கிறோம். நியாயமான கேள்விதான். குற்றம் பேரனுக்கு வராது. ஏழு வேலியை வாங்கிக்கொண்டவனுக்கு அதன்மேல் உள்ள பாத்தியதை வரும்.

நான் நிலத்தை மட்டும் சொல்லவில்லை. அடையாளமும் அப்படித்தான். நாற்பது வருஷம் வெளியூர்களில் வேலை பார்த்தேன். எந்த ஊரில் யார் கேட்டாலும் 'தஞ்சாவூர்ப் பக்கம்' என்று சொல்லும்போது முதுகு தானாக நிமிரும். காவேரி, கச்சேரி, டிகிரி காபி, கோபுரம், வெற்றிலை. எங்கள் பக்கத்து எழுத்தும் அப்படி. தி.ஜானகிராமனை எத்தனை முறை படித்தேன் என்று கணக்கில்லை. அந்தக் காவேரியின் சலசலப்பு இன்னும் காதில் இருக்கிறது. ஆனால் ஒரு வயதுக்குப் பிறகு படிக்கும்போது கண் வேறெதையோ தேடுகிறது. அந்தப் பச்சைப்பசேல் வயலில் குனிந்து நாற்று நடுகிறவர்கள் யார்? அவர்கள் எங்கே குடியிருக்கிறார்கள்? ராத்திரி என்ன சாப்பிட்டார்கள்? நம் டெல்டா இலக்கியத்தின் பெரும்பகுதியில் அவர்கள் வயலோடு சேர்ந்த நிறமாகத்தான் தெரிகிறார்கள். இதை ஜானகிராமனைக் குறைசொல்லச் சொல்லவில்லை. எந்தத் திண்ணையில் உட்கார்ந்து பார்த்தாரோ அங்கிருந்து தெரிந்ததை அவரைவிட அழகாக யாரும் எழுதவில்லை. திண்ணையிலிருந்து சேரி தெரியாது என்பதும் உண்மைதான்.

சேரியிலிருந்து பார்க்க முயன்றவர் சோலை சுந்தரபெருமாள். 1999இல் 'செந்நெல்'. இதே திருவாரூர்ப் பக்கத்து ஆள், இங்கே பலருக்கு நேரில் தெரிந்திருந்தவர். குருதிப்புனலின் மொழி நேர்த்தி இந்த நாவலில் இல்லை, அதை ஒளிக்க வேண்டியதில்லை. ஆனால் களத்துமேட்டில் எப்படி அளப்பார்கள், சாணிப்பாலும் சவுக்கடியும் எப்படி இருந்தன, சங்கம் எப்படி ஒவ்வொரு ஆளாகச் சேர்ந்து உருவானது என்பதெல்லாம் இதில் இருக்கிறது. ஒரே ஒரு வில்லனை வைத்து நடக்கிற கதை இல்லை இது. ஒரு ஏற்பாடே நடக்கிறது. படிக்கும்போது எனக்கு நிம்மதி வரவில்லை. அந்த அளவை முறையில் எங்கள் வீட்டுக் களம் தெரிந்தது.

பிறகு 2007இல் பாட்டாளியின் 'கீழைத்தீ' நாவல். அதற்கு முன்பே 2005இல் பாரதி கிருஷ்ணகுமார் 'ராமய்யாவின் குடிசை' என்ற ஆவணப்படம் எடுத்தார். உயிர் பிழைத்தவர்கள் கேமராவைப் பார்த்துப் பேசுகிறார்கள். அந்த முகங்களைப் பார்த்த பிறகு நாவல் எழுதவே கூச்சம் வரும். ஞானக்கூத்தன் வெண்மணியைப் பற்றி எழுதிய சின்னக் கவிதை தெரியும்தானே? அதில் ஆவேசம் கிடையாது, கோஷம் கிடையாது. அதனால்தான் அது இன்னும் சுடுகிறது என்பது என் கட்சி.

மீனா கந்தசாமி 2014இல் வெண்மணியைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு நாவல் எழுதினார். தமிழில் 'குறத்தியம்மன்' என்று வந்தது. அந்த நாவலில் கதை சொல்பவர் பாதி நேரம் வாசகரோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார். இதைக் கதையாகச் சொல்லலாமா, சொல்ல எனக்கு என்ன உரிமை, உனக்குக் கேட்க என்ன ஆசை என்று. முதலில் எரிச்சலாக இருக்கும். பிறகு சடலங்களைப் பட்டியல்போல அடுக்கும் பகுதிக்கு வரும்போது, ஏன் அவ்வளவு நேரம் நம்மைக் கதைக்குள் சௌகரியமாக உட்கார விடவில்லை என்று தெரிகிறது.

பட்டியல் என்றதும் ஜெர்மன் மொழியில் எழுதிய இன்னொருவர் நினைவுக்கு வருகிறார், பீட்டர் வைஸ். ஆஷ்விட்ஸ் முகாமில் வேலை பார்த்தவர்களைப் பிராங்பர்ட்டில் 1963 முதல் 1965 வரை விசாரித்தார்கள். வைஸ் அந்த நீதிமன்றத்தில் போய் உட்கார்ந்தார். சாட்சிகளின் வாக்குமூலங்களிலிருந்தே 'விசாரணை' என்ற நாடகத்தை உருவாக்கினார். 1965 அக்டோபரில் கிழக்கு ஜெர்மனியிலும் மேற்கு ஜெர்மனியிலும் பல அரங்குகளில் ஒரே நாளில் மேடையேறியது. அதில் குற்றவாளிகளுக்கு அவர்களுடைய நிஜப் பெயர். சாட்சிகளுக்குப் பெயர் கிடையாது, எண் மட்டும். முகாமில் அவர்கள் பெயரை இழந்தவர்கள், அதனால் மேடையிலும் அப்படியே. முகாமின் கூலி இல்லாத உழைப்பில் லாபம் சம்பாதித்த கம்பெனிகளின் பெயரும் நாடகத்தில் வருகிறது. தீ வைத்த கை, அதற்குப் பின்னால் கணக்கெழுதிய கை, அந்தக் கணக்கில் கொழுத்த கை என்று வரிசையாகப் போகிறது. நம் வெண்மணி வழக்கின் வாக்குமூலங்களும் ஆயிரக்கணக்கான பக்கங்கள் இருக்கும். அவற்றை எடுத்துவைத்துக்கொண்டு அப்படி ஒரு நாடகம் போட நம்மிடம் ஆள் இல்லையா என்ன? இங்கே இளைஞர்கள் இருக்கிறார்கள், சொல்லி வைக்கிறேன்.

ஜெர்மானியர்கள் இந்த விஷயத்தில் நமக்கு வாத்தியார்கள் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். குந்தர் கிராஸ் 1959இல் 'தகர முரசு' எழுதியவர். நாஜிக் காலத்தை மூடி மறைக்காதே என்று நாற்பது வருஷத்துக்கு மேல் தன் நாட்டையே அதட்டிக்கொண்டிருந்தவர். 1970இல் சான்சலர் வில்லி பிராண்ட் வார்சாவில் யூதர் நினைவிடத்தின் முன் மண்டியிட்டாரே, அந்தப் பயணத்தில் கூடப் போனவர். 1999இல் நோபல் பரிசு. 2006இல், 78 வயதில், பதினேழு வயதில் நான் நாஜிகளின் வாஃபன் எஸ்.எஸ். படையில் இருந்தேன் என்று சொன்னார். தூக்கிவாரிப்போட்டது. பதினேழு வயசுப் பையன், போரின் கடைசி மாதங்களில் ஆள் பிடித்துக்கொண்டு போனார்கள், அதில் பெரிய குற்றம் ஒன்றும் இல்லை. ஆனால் அறுபது வருஷம் ஏன் சொல்லவில்லை? எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. நாலாக மடித்த பேப்பர்தான் ஞாபகம் வந்தது. ஊர்க் குற்றத்தை மேடையேறிப் பேசுவது சுலபம். வீட்டுப் பரணில் கை விடுவதுதான் கஷ்டம். அந்தப் பேச்சாளர்களில் நானும் ஒருவன். இந்தப் பேச்சுக்காக இப்போது எனக்குச் சால்வை போட்டீர்கள். குற்றவுணர்வுக்குக் கைதட்டல் கிடைக்கிற இடத்தில் எழுத்தாளன் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

இன்னொரு சிக்கலையும் தொட்டுவிட்டுப் போகிறேன். வெண்மணியில் எரிந்தவர்கள் யார்? ஒவ்வொரு டிசம்பர் 25ஆம் தேதியும் அங்கே கூடும் தோழர்கள் 'விவசாயத் தொழிலாளர்கள், வர்க்கப் போராட்டத் தியாகிகள்' என்கிறார்கள். அவர்கள் மட்டும் இத்தனை வருஷம் விடாமல் கூடியிராவிட்டால் அந்த நினைவே அழிந்திருக்கும், அதை மறக்கக்கூடாது. தலித் அறிவாளிகள் கேட்பது வேறு. செங்கொடியின் கீழே பல சாதிக் கூலிக்காரர்களும் இருந்தார்களே, எரிந்தது மட்டும் ஏன் சேரி? 'விவசாயி' என்ற பொதுப்பெயரால் சாதியை மூடிவிட்டீர்களே? இரண்டு பேரும் ஒரே கல்வெட்டைத்தான் படிக்கிறார்கள். என் தீர்ப்பைக் கேட்டால், அரைப்படிக்காக ஆரம்பித்த சண்டை என்பது சரி. ஆனால் அரைப்படிக்காக யாரும் குழந்தைகளை எரிப்பதில்லை. நம்மிடம் வேலை செய்கிறவன் நம் முன்னால் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நின்று அரைப்படி கேட்டானே, அந்த நிற்றலுக்காகத்தான் எரித்தார்கள். இதைக் கூலி என்ற சொல்லால் மட்டும் எழுதிவிட முடியாது.

எழுதாமல் செயலால் பொறுப்பேற்றவர்களும் உண்டு. வெண்மணிச் செய்திக்குப் பிறகு காந்தியவாதித் தம்பதி கிருஷ்ணம்மாளும் ஜெகந்நாதனும் இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்தார்கள். பிறகு 'லாஃப்டி' என்ற அமைப்பைத் தொடங்கி, நிலத்தை வாங்கித் தலித் பெண்களின் பெயரில் பத்திரம் பதிந்தார்கள். பாத்தியதையைத் தீர்ப்பது என்றால் இதுதான். அதைப் பற்றிப் பேசினால் இன்னொரு கூட்டம் வேண்டும், தலைவர் துண்டுச்சீட்டு அனுப்பிவிட்டார்.

முடிக்கிறேன். சில வருஷத்துக்கு முன்னால் பாகப்பிரிவினை ஆகி, வீட்டை இடித்தார்கள். பரணில் கணக்குப்பிள்ளையின் நோட்டுகள் இருந்தன. முதுகில் சிவப்புத் துணி ஒட்டிய நீள நோட்டுகள். அந்தப் பேப்பர் இல்லை, கரையான் தின்றிருக்கும். கீலக வருஷத்து நோட்டு, அதாவது 1968-69, முழுசாக இருந்தது. கார்த்திகை மாதம் ஒரு வரி: 'சங்க வகை ரூ. 25'. எந்தச் சங்கம் என்று எழுதவில்லை. கணக்குப்பிள்ளைக்குத் தெரியும், தாத்தாவுக்குத் தெரியும், எழுத வேண்டிய அவசியம் இல்லை. மார்கழியில் அந்த நாளுக்கு எதிரே பால், கோவிலுக்கு நெய், காரியக்காரர் வண்டிச் சத்தம். அடுத்த இரண்டு நாளும் 'ஆள் வரவில்லை'. பிறகு எல்லாம் பழையபடி. தை பிறந்ததும் கூலிப் பத்தியில் ஒரு மாற்றம் தெரிகிறது. ஒவ்வொரு ஆளின் பெயருக்கும் நேரே அரைப்படி கூடியிருக்கிறது. ஓரத்தில் பொடி எழுத்தில் 'ஐயா உத்தரவு'.

எங்கள் ஊரில் யாரும் கேட்டு வரவில்லை. போராட்டம் நடக்கவில்லை. கூலித் தகராறை விசாரித்த கணபதியா பிள்ளை கமிஷனின் அறிக்கையும் 1969ஆம் வருஷத்து நியாயக் கூலிச் சட்டமும் அதற்குப் பிறகுதான் வந்தன. தாத்தா வாய் திறந்து ஒரு வார்த்தை பேசாமல், பேனாவால் ஒரு கோடு இழுத்து அரைப்படியைக் கூட்டிவிட்டார். அவ்வளவு லேசாகக் கொடுக்கக்கூடியதாக இருந்தது அது. இதை நான் அவருடைய நல்ல மனசு என்று முதலில் படித்தேன். பயம் என்று பிறகு படித்தேன். குற்ற ஒப்புதல் என்று இப்போது படிக்கிறேன். எந்த வாசிப்பு சரி என்று சொல்ல அவர் இல்லை. அந்த நோட்டில் கூலி வாங்கியவர்களின் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். போன வருஷம் அதை எடுத்துக்கொண்டுபோய் அவர்களில் மூன்று பேரிடம் காட்டினேன். ஒருவர் தன் பாட்டியின் பெயரைக் கண்டுபிடித்து, செல்போனில் போட்டோ எடுத்துக்கொண்டார். இன்னொருவர் கூட்டிப் பார்த்துவிட்டு, "ரெண்டு நாள் கூலியப் பிடிச்சிருக்காங்க சார்" என்றார். 'ஆள் வரவில்லை' என்று இருந்த அந்த இரண்டு நாள்தான். நான் அதுவரை கவனிக்கவில்லை.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். இந்த அரங்கில் உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேர் வீட்டுப் பரணில் இந்த மாதிரி நோட்டுகள் கிடக்கும். வீட்டை இடிக்கும்போது பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். பழைய தமிழ் எண்களும் கலம், மரக்கால் குறிகளும் படிக்கத் தெரியவில்லை என்றால் எனக்குச் சொல்லி அனுப்புங்கள். எனக்குப் படிக்க வரும். பஸ் ஏறி வந்து, உங்கள் திண்ணையில் உட்கார்ந்து படித்துச் சொல்கிறேன். அந்தக் கணக்கில் பெயர் இருக்கிறவர்களின் வீட்டிலிருந்தும் ஒருவரை அன்றைக்குக் கூப்பிட்டு வையுங்கள்.